எத்தனை கூடு என்று யார் எண்ணினார்?



பொழுது விடியுமுன் உங்கள் வீட்டுப் பக்கம் முதலில் குரல் கொடுப்பது யார்? தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால், அந்தக் காலத்துப் பிரட்டு மணி என்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் மாடி வீட்டுக்காரர்கள் ரயில் என்பார்கள். எனக்கென்னவோ இரண்டையும் முந்திக்கொள்வது காக்கைதான் என்று தோன்றுகிறது. அமாவாசையன்று இலையில் சோறு வைத்து "கா, கா" என்றால் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கிறதே, அதே காக்கை.

அது இந்த மண்ணின் பறவை அல்ல என்றால் நம்புவீர்களா? கழுத்தில் சாம்பல் நிறம் பூசிய வீட்டுக் காக்கையைச் சொல்கிறேன். உடம்பு முழுவதும் கறுத்து, தடித்த அலகோடு காட்டோரம் திரிகிறதே, அந்த அண்டங்காக்கை வேறு. அது இந்த நாட்டிலேயே இருந்தது. வீட்டுக் காக்கையோ நம் பாட்டன் பூட்டன் மாதிரி கப்பலில் வந்தது. அதுவும் தோட்ட வேலைக்காகவே கொண்டுவரப்பட்டது!

கதை இதுதான். ரப்பர் வருவதற்கு முன் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பி இலையைப் புழு தின்று மொட்டையடித்தது. புழுவைத் தின்ன ஆள் தேடிய துரைமார்கள், இலங்கையிலிருந்து காக்கைகளை வரவழைத்துக் கிள்ளானில் விட்டார்கள். 1903-ஆம் ஆண்டில் கொழும்பில் வெளிவந்த 'ஸ்போலியா ஜெய்லானிகா' என்ற இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே இருக்கிறது. அதை எழுதியவர்கள் வரிசையில் இ. வி. கேரி என்ற தோட்டத் துரையின் பெயரும் உண்டு. கேரித் தீவில் வேலை பார்த்த குடும்பங்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆமாம், உங்கள் தீவுக்குப் பெயர் கொடுத்த அதே கேரிதான்.

காப்பி விலை விழுந்தது. ரப்பர் வந்தது. காப்பியோடு புழுவும் போயிற்று. காக்கை மட்டும் ஊர் திரும்பவில்லை. திரும்பிப் போகக் கப்பல் டிக்கட் எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை போலும்! நீண்ட காலம் கிள்ளானையும் துறைமுகத்தையும் சுற்றியே கிடந்த கூட்டம், பிறகு கோலாலம்பூர் வரை வந்து நிறைந்தது. இன்று அது நகராண்மைக்காரர்களுக்குத் தலைவலி. துப்பாக்கி பிடித்தவர்களை வரவழைத்துச் சுட்டுக்கூடப் பார்த்துவிட்டார்கள். சுட்ட இடத்தில் சில நாள் அமைதி. அப்புறம் மறுபடியும் "கா, கா".

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. காக்கை வந்த கதையை எழுதி வைத்தார்கள், சரி. அதற்குப் பிறகு எந்த ஆண்டில் எந்த ஊரில் முதல் கூடு கட்டியது, ஒரு மரத்தில் எத்தனை கூடு, அதில் எத்தனை குஞ்சு பிழைத்தது என்று வருடா வருடம் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அது பரவிய வேகம் கண்ணுக்கு முன்னால் தெரிந்திருக்கும். பத்துக் கூடு இருந்தபோதே கவனித்திருக்கலாம். பத்தாயிரம் ஆன பிறகு துப்பாக்கி தூக்கி என்ன பயன்?

பறவையைப் பார்ப்பது வேறு, கூட்டைப் பார்ப்பது வேறு. பறந்து போகிற பறவை வழிப்போக்கனாக இருக்கலாம். கூடு கட்டி முட்டையிட்டால்தான் அது குடும்பஸ்தன், ஊர்க்காரன். இதற்குக் குயிலை விட நல்ல சாட்சி கிடையாது.

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தாமானில் படுத்தாலும் விடியற்காலையில் குயில் கூவுவது கேட்கிறது. தூக்கம் கெடுகிறது என்று திட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் குயில் பெரும்பாலும் வடக்கேயிருந்து பருவத்துக்கு வந்து போகும் விருந்தாளியாகத்தான் அறியப்பட்டிருந்தது. காக்கை பெருகிய பிறகுதான் குயிலுக்கு இங்கே வீடு கிடைத்தது. குயில் கூடு கட்டாது என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நழுவிவிடும். பாவம், காக்கை அடைகாத்து இரை ஊட்டி வளர்க்கும். ஆக, துரைமார்கள் புழுவுக்காகக் காக்கையைக் கொண்டுவந்தார்கள். குயில் இந்த நாட்டிலேயே குடும்பம் நடத்த அந்தக் காக்கை வழி செய்துகொடுத்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல.

குயில் கூவுவதைக் கேட்டு மட்டும் "இங்கே குயில் குஞ்சு பொரிக்கிறது" என்று எழுத முடியாது. ஒரு காக்கை, தன் பிள்ளை அல்லாத ஒரு புள்ளிக் குஞ்சுக்கு வாயில் இரை வைப்பதை ஒருவர் நேரில் பார்த்துத் தேதியோடு எழுத வேண்டும். அதைப் பார்க்கப் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. துணி காயப் போடும் அம்மாவே பார்க்கலாம்.

வெளிநாடுகளில் இதை ஊர் மக்களே செய்கிறார்கள். அமெரிக்காவில் டி.டி.டி. பூச்சி மருந்தால் பறவைகள் செத்து விழுவதாகப் பேச்சு எழுந்த காலம். நாடு முழுவதும் பறவைகள் உண்மையிலேயே குறைந்தனவா என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை. சாண்ட்லர் ராபின்ஸ் என்பவர் 1966-இல் ஒரு வழி கண்டுபிடித்தார். பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில், சூரியன் உதிக்க அரை மணி முன்னால் ஒரு சாலையில் புறப்பட வேண்டும். அரை மைலுக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, மூன்றே நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுத வேண்டும். ஐம்பது இடம் நின்றால் அன்றைய வேலை முடிந்தது. அடுத்த ஆண்டும் அதே சாலை, அதே இடங்கள். சம்பளம் கிடையாது. அந்தக் கணக்கெடுப்பு அரை நூற்றாண்டையும் தாண்டி நடந்திருக்கிறது.

பிரிட்டனில் 1968 முதல் 1972 வரை நாட்டையே பத்துக் கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சதுரம் சதுரமாகக் கூடு தேடினார்கள். நம்மவர்கள் பக்கம் பார்த்தால் கேரளம் இருக்கிறது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் வயல், மலை, சேறு, சந்தை என்று பாராமல் மாநிலம் முழுவதும் கட்டம் போட்டு நடந்து 361 வகைப் பறவைகளைப் பதிந்தார்கள். இந்தியாவில் ஒரு மாநிலம் முழுமைக்கும் இப்படி ஒரு பறவைப் படம் வந்தது அதுவே முதல் தடவை. ஆசிரியர், வங்கி ஊழியர், மாணவர் என்று பலரும் விடுமுறை நாளைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியது இருக்கும் பறவைகளின் கணக்கு. பிரிட்டன்காரர்கள் தேடியது முட்டையிடும் பறவைகளின் கணக்கு. இரண்டும் வேண்டும்.

நம் நாட்டில் இயற்கைச் சங்கம் 1940-லேயே தொடங்கப்பட்டது. இன்று அது மலேசிய இயற்கைச் சங்கம், தலைமையகம் கோலாலம்பூரில். அதன் ஏட்டில் பறவை பார்த்தவர்களின் குறிப்புகள் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கின்றன. 2010-இல் 'மை கார்டன் பேர்ட்வாட்ச்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஜூன் மாதத்தில் அரை மணி நேரம் வீட்டுத் தோட்டத்திலோ பூங்காவிலோ உட்கார்ந்து பறவைகளை எண்ணி அனுப்ப வேண்டும். நல்ல காரியம். ஆனால் அதில் நம் தோட்டப்புறத்துப் பெயர்கள் எத்தனை இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கூடு எங்கே என்று நம்மை விட அதிகம் தெரிந்தவர் யார்? பால் வெட்டப் போனவர்களும் குலை அறுக்கப் போனவர்களும் மரம் மரமாகப் போனவர்கள் அல்லவா!

"எங்களுக்கு என்ன தெரியும், நாங்கள் படிக்காதவர்கள்" என்று சொல்லாதீர்கள். கூகையின் கதையைக் கேளுங்கள்.

கூகை என்பது ஆந்தையில் ஒரு வகை. காம்பு மேலே இருக்கும்படி பிடித்த வெற்றிலை போல வெள்ளை முகம். இராத்திரியில் கிறீச்சிட்டால் உடம்பு சிலிர்க்கும். நம் லயங்களில் இதற்குச் சாக்குருவி என்று பெயர் வைத்து, அலறிய வீட்டில் சாவு விழும் என்று பயந்து கல்லெடுத்து எறிந்தோம். உண்மையைச் சொல்வதானால் அந்தப் பறவை சாவு சொல்லத்தான் வந்தது. ஆனால் எலிக்கு!

இந்தத் தீபகற்பத்தில் கூகை முன்பு அபூர்வம். 1968-இல் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அதன் கூடு கண்டுபிடிக்கப்பட்டது. இங்கே அது குஞ்சு பொரித்ததற்கு அதுதான் முதல் பதிவு. கவனியுங்கள்: அந்தக் கூடு இருந்தது காட்டில் அல்ல, தோட்டத்தில். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தபோது எலி பெருகியது. பழத்தைக் கடித்தே நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு எண்ணெயை எலி வீணாக்கும் என்று கணித்திருக்கிறார்கள். எலி இருக்கும் இடம் தேடிக் கூகை வந்தது. ஆனால் அதற்கு ஒரு குறை. கூகை குச்சி அடுக்கிக் கூடு கட்டாது. பொந்தோ பரணோ வேண்டும். செம்பனையில் பொந்து ஏது?

அதனால் தோட்டங்களில் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்தார்கள். ஐந்து முதல் பத்து எக்டருக்கு ஒரு பெட்டி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கூகை குடிவந்தது. ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஓராண்டில் ஆயிரத்துக்குக் குறையாத எலிகளைத் தீர்க்கும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தின்ற எலியின் எலும்பும் மயிரும் செரிக்காமல் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டையைப் பிரித்து உள்ளே இருக்கும் எலித் தலைகளை எண்ணித்தான் கணக்குப் போட்டார்கள்.

சரி, பெட்டியில் குடும்பம் நடக்கிறதா என்று யார் பார்த்தது? ஏணி சுமந்து போன தோட்டத் தொழிலாளிதான். பெட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அடியில் உருண்டைகள் கறுப்பாக மெத்தை போட்டிருக்கும். அதன் மேல் வெள்ளை முட்டைகள், அல்லது பாம்பு மாதிரிச் சீறும் குஞ்சுகள். குஞ்சுகள் ஒரே அளவாக இருக்காது. ஒன்று பெரிது, அடுத்தது கொஞ்சம் சிறிது, கடைசி ஒன்று கையளவு பஞ்சு என்று படிக்கட்டு மாதிரி நிற்கும். தாய் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டையாக இட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் அப்படி. எலி நிறையக் கிடைத்தால் கடைக்குட்டியும் பிழைக்கும். கிடைக்காவிட்டால் அதுதான் முதலில் சாகும். ஆகவே ஒரு பெட்டியில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை பறந்தது என்ற மூன்று எண்ணிக்கை போதும். அந்த நிலத்தில் எலி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடலாம். எலிக்கு வைத்த பழைய மருந்து பலிக்காமல் போகத் தொடங்கியதும், அதைவிடக் கடுமையான புது மருந்துகள் வந்தன. 1980-களில் அவற்றைப் பயன்படுத்திய செம்பனைத் தோட்டங்களில் கூகைகள் குறைந்தது வெளியே தெரிந்தது. மருந்து தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். கூகைக்கு அது சுலபமான இரை. எலியின் விஷம் கூகைக்குள் போய்ச் சேரும். பெட்டிக் கணக்கு இல்லாதிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? பறவை எங்கோ புதரில் விழுந்து செத்திருக்கும். "கூகை போய்விட்டது, எலி மருந்து இன்னும் இரண்டு பெட்டி வாங்கு" என்று காரியம் நடந்திருக்கும். அந்த மருந்தைக் கையில் அள்ளி மரத்தடியில் வைப்பவரும் நம் ஆள்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். எத்தனை கூடு வெறுமையானது என்ற கேள்வி, நம் வீட்டுப் பெண்களின் கைக்கும் சம்பந்தப்பட்ட கேள்வி.

எனக்கு மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. சீபீல்ட் தோட்டம் இருந்த இடத்தில் இன்று சுபாங் ஜெயா. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலம். லயம் போனது, கோயில் இடம் மாறியது, பள்ளிக்கூடம் மாறியது. இவற்றையாவது நாம் பேசியும் எழுதியும் வைத்திருக்கிறோம். அந்த லயத்து வேலியில் எந்தத் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டியது, லாலான் புல் ஓரத்து மரத்தில் எத்தனை தூக்கணாங்குருவிக் கூடு தொங்கியது, முராய்க் குருவி எந்தப் பொந்தில் குஞ்சு பொரித்தது என்பதெல்லாம் பார்த்தவர்களின் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தாத்தாவிடம் கேட்டு எழுதிவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். வருடம் சரியாக நினைவில்லாவிட்டால் "அக்கா கல்யாணத்துக்கு முந்திய வருடம்" என்றாவது எழுதுங்கள். பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, இன்றைக்குச் செய்யக்கூடியது. செலவு ஒரு பள்ளி நோட்டும் பென்சிலும். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் பிடியுங்கள். லயத்து வரிசையோ, கோயில் அரசமரமோ, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடமோ எதுவானாலும் சரி. வாரம் ஒரு தடவை, அதே நேரம், அரை மணி. ஒரே மைனாவை மூன்று தடவை பார்த்துவிட்டு மூன்று மைனா என்று எழுதாதீர்கள். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்சம் எத்தனையோ அதுதான் கணக்கு. பேர் தெரியாவிட்டால் "வால் ஆட்டும் கறுப்பு வெள்ளை" என்று எழுதினாலும் குற்றமில்லை.

பிரிட்டன்காரர்கள் அன்று கூட்டை மூன்று தரமாகப் பிரித்தார்கள். நாமும் அப்படியே செய்யலாம். பறவை அந்தக் காலத்தில் அங்கே இருந்தது, பாடியது என்றால் ஒரு புள்ளி. ஜோடியாகத் திரிந்தது, ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி போனது என்றால் இரண்டு புள்ளி. வாயில் புழுவை வைத்துக்கொண்டு விழுங்காமல் பறந்து போனது, குஞ்சுக்கு ஊட்டியது என்றால் மூன்று புள்ளி, அது உறுதி. இரையை விழுங்காமல் கொண்டு போகிற பறவையைப் பின்தொடர்ந்து கண்ணை ஓட்டினால் கூடு தானாகத் தெரிந்துவிடும். பால்கனிச் செடித் தொட்டியிலும், கதவு நிலைக்கு மேலும், தேன்சிட்டுக்குப் பிடித்த துணிக்கொடியிலும் முதலில் பாருங்கள்.

கூட்டைத் தொடக்கூடாது, பிள்ளைகளை மரம் ஏற விடக்கூடாது. தள்ளி நின்றே பாருங்கள். நாம் போன தடத்தை வைத்துப் பூனை கூட்டைக் கண்டுபிடிக்கும். முராய்க் குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்த்து விற்கிறவர்கள் காதில் இடத்தைப் போட்டுவிடாதீர்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேறு இருக்கிறது, வம்பு எதற்கு? கூகைப் பெட்டி என்றால் தோட்ட நிர்வாகம் அனுப்பிய ஆள் மட்டும் ஏறட்டும். தாய் முகத்தில் பாய்ந்து நகத்தால் கீறிவிடும்.

முக்கியமான ஒன்று: எதுவும் இல்லாத நாளில் "இல்லை" என்று எழுதுங்கள். போன வாரம் இரண்டு கூடு, இந்த வாரம் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை எழுத நம் கை கூசும், வெறுங்கையோடு வந்த மாதிரி. ஆனால் மரம் வெட்டினார்களா, புகையடித்தார்களா, மருந்து வைத்தார்களா என்று பிறகு கேட்பவருக்கு அந்தப் பூஜ்யம்தான் பேசும்.

பிள்ளைகளிடம் கைபேசி இருக்கும். 'ஈபேர்ட்' என்ற பதிவில் அவர்களே ஏற்றிவிடுவார்கள். கேரளத்துக்காரர்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். கைபேசி இல்லாதவர்கள் நோட்டைப் பத்திரமாக வையுங்கள், அல்லது எங்களுக்கு அனுப்புங்கள். ஆண்டின் முற்பாதியில்தான் இங்கே பெரும்பாலான பறவைகள் கூடு கட்டும். காலம் தவறிக் கட்டுகிறவையும் உண்டு, ஆகவே எந்த மாதத்திலும் தொடங்கலாம்.

அனுப்பும்போது தாளின் மேலே ஊர், தேதி, மணி மூன்றையும் எழுதுங்கள். "பிரிக்பீல்ட்ஸ், காக்கைக் கூடு ஒன்று, துணி மாட்டும் கம்பியால் கட்டியது" என்று ஒரு வரி வந்தாலும் போட்டுவிடுகிறோம்.